மிச்சமிருந்த பதினெட்டு கிலோமீட்டர்

தபால்காரர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜெர்மன் காரில், பழுது காட்டும் கருவியைச் செருகிப் பார்த்தார். பிரேக் செயலிழந்தது என்று வந்தது. அது நடந்த கிலோமீட்டர் 186430. ஆனால் கார் அதுவரை ஓடியிருந்ததே 186412தான்.

"இன்னும் ஓடாத தூரத்துல எப்படிம்மா கெட்டுப்போகும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"உங்க அவசரம் அதுக்கும் ஒட்டிக்கிச்சு போல," என்று அவள் சிரித்தாள்.

பிரேக் கட்டை, குழாய், ஆயில் எல்லாவற்றையும் தன் கையாலேயே மாற்றினார். பதிவை அழித்தார். அதே எண் திரும்ப வந்தது. இனி இதை எடுப்பதில்லை என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வலி எடுத்திருச்சுங்க. அவ புருஷன் பதறிட்டு வந்தான், சாவியைக் கொடுத்துட்டேன். நீங்கதான் எல்லாத்தையும் மாத்திட்டீங்களே!"

ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர்; கருவி காட்டிய எண்ணுக்கோ இன்னும் பதினெட்டுதான். அவன் போனை எடுக்கவில்லை. நல்லது செய்தவளைக் கடிந்துகொள்ளவும் தபால்காரருக்கு வாய் வரவில்லை. படியில் உட்கார்ந்து கடவுளை வேண்டிக்கொண்டே இருந்தார்.

மாலையில் கார் வந்து நின்றது. "பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்று சாவியைக் கையில் வைத்து அவன் அழுதான்.

தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். போக வர நாற்பது கிலோமீட்டர் ஓடிய காரின் மீட்டரில் 186412 என்றே இருந்தது. அந்தப் பதினெட்டு கிலோமீட்டர் அப்படியே மிச்சம் இருந்தது.