ஆளுக்கு ஒரு கை

டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கும் நான்கு மணி நேரமும் அற்புதத்துக்கு வலக்கைதான் சும்மா இருக்கும்; பக்கத்துக் கட்டில் இசக்கிக்கு இடக்கை. மறு கையில் டயாலிசிஸ் ஊசி ஏறியிருக்கும். அதனால் அற்புதம் துணியில் பூவேலை செய்ய, அவளுடைய வளையத்தை இசக்கிதான் பிடித்துக்கொள்வான். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஓர் உப்புக் குவியலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆயுசு பூரா உப்பு சுமந்தேன் தாயி. இப்ப சோத்துல ஒரு கல்லு போட விட மாட்டேங்காவ.”

“கண்ணால தின்னுக்கோங்க அண்ணாச்சி.”

இன்னொரு தடவை மயங்கினால் தைக்கவே விடமாட்டேன் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்றும் பிரஷர் இறங்கி அற்புதம் மயங்க, கை நழுவியது. நர்ஸ் கண்ணில் படக் கூடாதே என்று இசக்கி வளையத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, தொங்கிய ஊசியைத் துணியில் குத்தி இழுத்தான். மிஷின் கத்தியது.

“ஊசி கழண்டுட்டா?” என்று அற்புதத்தின் கையைப் பார்த்து ஓடிவந்தாள் நர்ஸ்.

“இல்லம்மா, துணியிலயே குத்தி வச்சிட்டேன்” என்றான் இசக்கி.

சலைன் இறங்கி அற்புதம் கண் விழித்தாள். குவியலின் ஓரத்தில் நீளமாக, கோணலாக ஒரு தையல் கிடந்தது.

“சாக்கு தச்ச கை தாயி. பிரிச்சிரு.”

அவள் பிரிக்கவில்லை. அது முடிந்த இடத்திலேயே ஊசியை ஏற்றினாள். நர்ஸ் மிஷினைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.