பெண்ணுக்கு ஒரு குறை

"பேச்சு முடியறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் சம்பந்தியம்மா. பொண்ணுக்கு ஒரு குறை இருக்கு," என்றார் பெண்ணின் அப்பா. அந்தச் சின்னத் தீவின் ஒரே மருந்துக்கடைக்காரர் அவர்.

பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "என்ன குறை?"

"தைராய்டு விஷயம். மூணு தடவை டெஸ்ட் எடுத்துட்டோம். கப்பலேறிப் போய்ப் பெரிய டாக்டர்கிட்டயும் காட்டினோம்."

"மாத்திரை கொடுத்திருப்பாங்களே?"

"கொடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னுட்டார்."

"ஐயோ, அவ்வளவு முத்திப்போச்சா?"

அவர் தலைகுனிந்தார். "இல்லம்மா. அவளுக்குத் தைராய்டு கோளாறே இல்லையாம்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"இந்தத் தீவுல மத்தவங்க மாதிரியே எங்க வீட்டுலயும் எல்லாரும் எழுந்ததும் வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடறவங்க. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அடுப்பே பத்த வைப்போம். இவ விடிஞ்சதும் காபி கேட்டா குடும்பம் என்னத்துக்கு ஆகும்? இது சரிப்பட்டு வராது. கிளம்புடா."

பையன் அசையவில்லை.

"எனக்கும் அந்தக் குறை இருக்கும்மா. தினமும் உன் எதிர்ல நான் முழுங்கறது பெப்பர்மின்ட். அப்புறம் வாக்கிங் போறது காபிக்கடைக்கு."