வாசலில் கட்டிய கிடா

வாசல் தூணில் ஒரு செம்மறிக் கிடா கட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே ஜர்வலிக்கு ரத்தம் தலைக்கேறியது. தோளிலிருந்த கிரிக்கெட் மட்டைப் பையைக் கழற்றி மண் தரையில் வீசினான்.

ஆக, கூட ஆடிய தோர்யாலை வந்தேவிட்டான். கிடாவோடு வீட்டு வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்பவன் கொலையே செய்திருந்தாலும் அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. இந்தக் கோஸ்ட் ஊரில் எந்த வீட்டுக்கும் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான்.

"லாலா" என்று கத்திக்கொண்டே ஜர்வலி உள்ளே போனான். அண்ணன் ஜமான் முற்றத்தில் நின்று, பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அவன்?"

"எவன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க லாலா. வாசல்ல கிடாவைப் பாத்துட்டுத்தான் வர்றேன். நான் மன்னிக்க மாட்டேன். வழக்கமாவது, மண்ணாவது."

ஜர்வலியும் தோர்யாலையும் நாட்டுக்காக ஒன்பது வருடம் சேர்ந்து இறங்கிய தொடக்க ஜோடி. ஷார்ஜா இறுதி ஆட்டத்தில், சதத்துக்கு ஒரே ஒரு ஓட்டம் பாக்கி இருக்கும்போது ஜர்வலி பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். எதிர்முனையில் தோர்யாலை அசையவே இல்லை. ஜர்வலி நடுவழியில் நிற்க, விக்கெட் கீப்பர் சாவகாசமாக ஸ்டம்பைத் தட்டினார். சதம் போனது, பிறகு கோப்பையும் போனது.

மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் மைக்கை நீட்டினார்கள். "தோர்யாலை ஆட்டத்தை வித்துட்டான்" என்றான் ஜர்வலி. அந்த ஒரு வரிக்குத் தோர்யாலையை அணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஜர்வலி தன் வாயால் இல்லையென்று சொன்னால்தான் அவன் இனி மட்டையைத் தொட முடியும். அடுத்த வாரமே ஜர்வலிக்கும் இடமில்லை என்றார்கள். வயதாகிவிட்டதாம்.

"அவன் பணம் வாங்கினதை நீ பாத்தியா?" என்று கேட்டார் ஜமான்.

"அதை வேற பாக்கணுமா? ஓடாம நின்னானே, உலகமே பாத்துச்சே."

"நீ கூப்பிட்டியா?"

"நாங்க என்னிக்கு வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கோம்? என் முகத்தைப் பாத்தாலே ஓடி வருவான்."

"தலையில ஹெல்மெட்டு, முகத்துக்கு முன்னால கம்பி. சாயங்கால வெயில் வேற நேரா அவன் கண்ணுல. உன் அழகு முகம் அவனுக்கு எங்கடா தெரியும்?"

"நீங்க யாருக்கு லாலா அண்ணன்? எனக்கா, அவனுக்கா?"

ஜமான் தலைப்பாகையின் நுனியைச் செருகினார். "மலைக்கு அந்தப் பக்கம் கர்தேஸ்ல அவங்கப்பா துணிக்கடையைப் பூட்டிட்டாரு, தெரியுமா? வர்றவன் எவனும் துணி விலையைக் கேக்கலை. 'உம் மகன் என்ன விலைக்குப் போனான்'னு கேக்கறான். அவனோட தங்கச்சிக்குப் பேசி வச்சிருந்த இடமும் கைவிட்டுப் போச்சு."

"போகட்டும். உறைச்சாத்தானே இறங்கி வருவானுங்க. இப்ப கிடாவோட மலையைத் தாண்டி வந்திருக்கானுங்கல்ல, எல்லாம் அதனாலதான்."

ஜமான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜர்வலி விருந்தறையை நோக்கி நடந்துவிட்டான்.

விருந்தறை வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. உள்ளே மெத்தைகள் சுருட்டியபடியே மூலையில் கிடந்தன. தேநீர்க் கெட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. பயந்தாங்கொள்ளிகள், அக்கம்பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் கோபம் தணியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அவன் முற்றத்துக்குத் திரும்பி, சுவருக்கு அப்பால் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"எங்க இருந்தாலும் கேட்டுக்க தோர்யாலை. கை உடைஞ்சிருந்தப்பகூட உனக்காகத்தான் இறங்கினேன். வேகப் பந்துன்னா நடுங்குவே, முதல் ஓவரை நான்தான் வாங்கிக்குவேன். அந்த நன்றியைத்தான் ஷார்ஜாவுல காட்டினே. இந்த ஒரு கிடா இல்லை, மந்தையையே ஓட்டிட்டு வந்தாலும் என் வாயிலேருந்து அந்த வார்த்தை வராது."

பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கிழவர் மட்டும் எட்டிப் பார்த்தார். வேறு எங்கிருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

ஜமான் அவனைத் தாண்டி வெளியே போனார். தூணிலிருந்து கிடாவை அவிழ்த்தார். அது முரண்டு பிடித்தது. அடிவயிற்றில் கை கொடுத்துத் தூக்கித் தன் வாடகைக் காரின் பின்பக்கம் ஏற்றினார். புதுச் சட்டையெல்லாம் ரோமம்.

ஜர்வலிக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் சட்டென்று இறங்கியது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த ரத்தம்.

"அப்படிச் செய்யுங்க லாலா. கொண்டுபோய் அவனுங்க வாசல்லயே இறக்கி விடுங்க. என் தம்பி மசிய மாட்டான்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வாங்க."

ஜமான் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு."

"நான் எதுக்கு? மன்னிப்புக் கேட்டு வந்தவன் அவன்தானே."

ஜமான் முதல் முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"அவன் எங்கடா வந்தான்? நாமதான் போறோம்."