கழற்றாத மெட்டி

ஆலை வாசல் தட்டில் வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். தட்டு உடம்புக்குள் லேசான மின் அலையைச் செலுத்தி, அது எவ்வளவு பின்தங்குகிறது என்பதை ஒரு கோணமாக அளக்கும்; கோணம் குறைந்தால் கதவு திறக்காது. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கூடும், கோணம் குறையும். கூட வேலை செய்யும் தேன்மொழி நேற்று அப்படித்தான் கர்ப்பம் தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டாள்.

தினமும் மெட்டியைக் கழற்றி மடியில் முடிந்துகொள்ளும் பெண்கள் இன்று ஒருவரும் கழற்றவில்லை. வெள்ளி பட்டதும் தட்டு அளவெடுக்க முடியாமல் கத்தியது.

“கழட்டுங்கக்கா,” என்றான் காவலாளி மாரிச்சாமி.

“மாட்டோம். தேன்மொழியோட சேர்த்து எல்லாரையும் உள்ள விடு. இல்லீன்னா மிஷினெல்லாம் சும்மா கெடக்கட்டும்,” என்றாள் முன்னால் நின்ற பழனாத்தா.

அவள் காலில் புது மெட்டி பளபளத்தது.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு தவறி வருசக்கணக்கா ஆச்சுங்களே...”

“அது எனக்குத் தெரியாதாக்கும்? கதவத் தொற தம்பி.”