போஸ்டர் பையன்

தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால், கதாநாயகனுக்கோ நாயகிக்கோ நம் மனதில் இருப்பவரின் முகம் வந்துவிடும். மனதில் யாரும் இல்லாதவர்களுக்கு நடித்தவரின் முகமே தெரியும்.

பள்ளியில் தோழிகள் மூவரும் மாற்றி மாற்றிப் படித்த காதல் நாவல் படமாகியிருந்தது. சுகிர்தாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்பதால் அவளை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை நல்லா ஆடுறாராடி?" என்று கிசுகிசுத்தாள் ஜெபா.

"ம்" என்றாள் சுகிர்தா. அவளுக்கு ஆடிக்கொண்டிருந்தது நடிகன்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அப்போதும் அதே நடிகன். மாப்பிள்ளையோ, பெண் பார்க்க வந்தபோது பத்து நிமிடம் பார்த்த முகம்; மூக்குகூட நினைவில் இல்லை.

இடைவேளையில் வெளியே ஓடி அவனுக்குப் போன் செய்தாள்.

"இந்தப் படம் பாத்துட்டீங்களா?"

"நேத்து ஃப்ரெண்ட்ஸ் இழுத்துட்டுப் போனாங்க."

"ஹீரோயினா யாரு வந்தா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. போஸ்டர்ல இருந்த பொண்ணுதான்."

சுகிர்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "எனக்கும் போஸ்டர் பையன்தாங்க. நிச்சயத்தைத் தள்ளிப் போடச் சொல்லலாமா? அதுக்குள்ள நாலு தடவை பாத்துப் பேசிக்கலாம்."

"எந்தத் தியேட்டர்ல இருக்கீங்க?" என்றான் அவன்.