புது மாத்திரைக்குப் பத்தியம்

அக்கா முத்தம்மா நீட்டிய பலாச்சுளையை ஈஸ்வரி வாங்கவில்லை.

“பத்தியம்க்கா” என்றாள். சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது.

மலைமேல் புதூர்நாட்டில் அந்த வருஷம் பலா வஞ்சனையில்லாமல் காய்த்திருந்தது. பழத்தைப் பிளந்த வாசனை வீடு முழுக்க நின்றது.

வயிற்றில் வலி தொடங்கியதிலிருந்து ஈஸ்வரி எத்தனையோ மாத்திரைகளை விழுங்கிவிட்டாள். எதற்கும் வலி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். எந்த டாக்டரும் பத்தியம் சொல்லவில்லை. மலையில் அரைத்துக் கொடுக்கிற வேருக்குக்கூட உப்பையும் புளியையும் நிறுத்துவார்கள். எதையும் விலக்கச் சொல்லாத மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்துவிடும்?

திருப்பத்தூரில் கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர், அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் கணவன் பூவரசனிடம் மட்டும் பேசினார்.

வெளியே வந்தவனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். “பத்தியம் இன்னா சொன்னாரு?”

புளி கூடாது, கருவாடு கூடாது, பலாப்பழத்தை வாயிலேயே வைக்கக் கூடாது என்றான் பூவரசன்.

ஈஸ்வரியின் முகம் தெளிந்தது.

வீடு திரும்பிய அன்றைக்கே, புது மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். வலி போகவில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது. சில நாளில் தானே எழுந்து சாமைக் கஞ்சி காய்ச்சினாள்.

முத்தம்மா விடுவதாக இல்லை. “ஒரு சுளைதானேடி. டாக்டரு இன்னா, மரத்து மேல குந்திக்கினு பாக்கறாரா?”

ஈஸ்வரியின் கை லேசாக நீண்டது. பலா என்றால் அவளுக்கு உயிர்.

பக்கத்தில் நின்ற பூவரசன் சுளைகளைத் தட்டோடு பிடுங்கிக்கொண்டான். ஒரு சுளை தரையில் விழுந்தது.

“பொழைச்சி வர்றவளுக்கு இதையா குடுப்பீங்க?”

அவன் சத்தம்போட்டு முத்தம்மா கேட்டதில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

ஈஸ்வரி மட்டும் சிரித்தாள். “பாத்தியாக்கா? இந்தாளு என்னைப் பொழைக்க வெக்காம வுடமாட்டாரு.”

பூவரசன் தட்டோடு வீட்டுக்குப் பின்னால் போனான். சுளைகளை ஆட்டுக்குப் போட்டான். அது தின்று முடிக்கிறவரை அங்கேயே நின்றான்.

அன்றைக்கு டாக்டர் பத்தியம் எதுவும் சொல்லவில்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

“இனிமே அவங்க ஆசைப்பட்டதெல்லாம் குடுங்க.”