பாவற்காய்ப் பாடம்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் மகாலிங்கத்தின் காய்கறிக் கடைக்குள் ஜனவரி வெயில் வெளிறி விழுகிறது. வெளியே பாலத்தில் மெட்ரோ கடக்கையில் ஊறுகாய்ப் போத்தல்கள் கிணுகிணுக்கின்றன. நத்தார்ப் பண்டிகை, புத்தாண்டு விடுமுறை முடிந்து நாளை வரப்போகும் சின்னஞ்சிறுசுகளுக்கு என்ன பாடம் வைக்கலாம் என்று தமிழ் வகுப்பு ஆசிரியை இம்மாகுலேற் யோசிக்கிறாள். தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லட்டும் என்று கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் கூடையில் எடுத்து வைக்கிறாள். “பாவற்காயும் வையுங்கோ, ரீச்சர்,” என்று மகாலிங்கம் ஒன்றைத் துடைத்து நீட்டுகிறார். “ஏன் அண்ணை, பிள்ளையளுக்கு அது பிடிக்காதே?” “அதுக்குத்தான். என்ரை மகள் பூரணி வீட்டிலை எல்லாத்துக்கும் பிரெஞ்சிலைதான் மறுமொழி. இதை வாயிலை வைச்சால் மட்டும் ‘சீ, கைக்குது’ எண்டு தமிழிலை கத்துவாள்.” இம்மாகுலேற் சிரிக்காமல் அதை வாங்கிக்கொள்கிறாள். நன்றாகக் கைக்கக்கூடிய இன்னொன்றைத் தேடி அவர் பெட்டிக்குள் குனிகிறார்.